ஆசனம் உண்டு, அதிகாரம் எங்கே?

உலகத்திலேயே முதன்முதலாக ஒரு பெண்மணியைப் பிரதம மந்திரியாகக் கண்ட நாடு இலங்கை என்று நாம் பெருமை பேசாத மேடை இல்லை. 1960 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அப்பதவியை ஏற்றார். 1994 இல் அவருடைய புதல்வி சந்திரிகா குமாரதுங்க ஜனாதிபதியானார். 2024 இல் ஹரிணி அமரசூரிய பிரதம மந்திரியானார். இந்த மூன்று பெயர்களையும் அடுக்கிச் சொல்லிவிட்டு, "எங்கள் நாட்டில் பெண்ணுக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அநேகர்.

அப்படிக் கேட்பவர்கள் ஒரு நாள் மாலை மலைநாட்டுக்குச் சென்று, தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்க்கட்டும். அங்கே வரிசையாக நிற்பவர்கள் பெண்கள். காலையில் பிரட்டுக்கு வந்த நேரம் முதல் மழையிலும் வெயிலிலும் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். ஆனால், தராசின் முள்ளைப் பார்ப்பவன் ஆண். ஏட்டிலே தொகையைக் குறிப்பவன் ஆண். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்கின் நிறைக்கு இவ்வளவு என்று கழிப்பவன் ஆண். நிர்ணயித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் "அரைப்பேர்" என்று தீர்ப்புச் சொல்பவனும் ஆண். சில தோட்டங்களில் அண்மைக் காலத்தில் பெண்கள் கங்காணிகளாக நியமிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் இன்றும் விதிவிலக்குகளே. விதி பழைய விதிதான்.

நாட்டின் உச்சியிலே ஒரு பெண் அமர்ந்தாள் என்பதைக் கொண்டு பெண்களின் நிலையை அளக்க முடியாது. வேலை நடக்கும் இடத்திலே நிறுப்பவர் யார், எழுதுபவர் யார், கையெழுத்திடுபவர் யார் என்பதே உண்மையான அளவுகோல். உழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அதிகாரமும் இருத்தல் வேண்டும். இதனைத் தமிழ் மக்கள் முன்னிலையில், சிறப்பாக நம் கமக்காரர் முன்னிலையிலும் கற்றோர் முன்னிலையிலும், இன்று எடுத்து வைக்க விரும்புகிறோம்.

உச்சியிலிருந்த பெண்ணும் மலையிலிருந்த பெண்ணும்

உச்சியில் ஒரு பெண் இருந்தால் அடியிலுள்ள பெண்ணின் துயரம் தானாகவே தீர்ந்துவிடும் என்பது எவ்வளவு பொய்யான நம்பிக்கை என்பதற்கு நம் சொந்தச் சரித்திரமே சாட்சி. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேருடைய தலைவிதி அதிலே கணக்கிடப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு; 300,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த மக்களிலே கொழுந்து பறித்த பெண்கள் எத்தனை இலட்சம்! பிறந்த குழந்தையை லயத்திலே விட்டு மலையேறிய தாய்மார் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தியையேனும் அழைத்து, "நீ எங்கே வாழ விரும்புகிறாய்?" என்று கேட்டபின் அந்தக் கணக்கு எழுதப்படவில்லை. கையெழுத்திட்டவர் உலகத்தின் முதற் பெண் பிரதம மந்திரி.

இதனை ஒருவரைக் குறைகூறும் நோக்கத்தோடு சொல்லவில்லை. தனியொரு பெண் உயர்வதும் பெண்கள் அதிகாரம் பெறுவதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதை உணர்த்தவே சொல்கிறோம்.

1931 ஆம் ஆண்டிலே, டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் இந்நாட்டில் வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, 1932 இல், நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அதே முப்பதுகளில் மீனாட்சி அம்மாள் தம் கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டந் தோட்டமாகச் சென்று, பாடியும் பேசியும் தொழிலாளரைத் திரட்டினார். தொடக்கம் இவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு நடந்தது என்ன? 1948 இல் பிரஜாவுரிமையும் 1949 இல் வாக்குரிமையும் மலையகத் தமிழரிடமிருந்து பறிக்கப்பட்டன. தோட்டத்திலே ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதனிற் குறைந்த சம்பளம் என்ற அநீதியோ 1984 ஆம் ஆண்டு வரையில் நீடித்தது. வாக்குச் சீட்டிலே 1931 இல் வந்த சமத்துவம் சம்பளச் சீட்டுக்கு வந்து சேர ஐம்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன.

சம்பளம் சமமான பின்பும் வேலை நேரம் சமமாகவில்லை. கவ்வாத்து, களை, மருந்து என்று ஆணுக்குக் குறித்த வேலை பல தோட்டங்களில் நடுப்பகல் கழிந்ததும் முடிந்துவிடும். கொழுந்துக்காரி மாலை நிறுவை முடியும்வரை நிற்க வேண்டும். அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கிவரும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. தொழிற்சங்கத்துக்குச் சந்தா கொடுப்போரில் பெருந்தொகையினர் பெண்கள். துரையோடு பேசச் செல்லும் தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள். கொழுந்தின் அளவைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடத்துபவர்கள் தம் வாழ்நாளில் ஒரு கூடை கொழுந்து பறித்தறியாதவர்களாக இருப்பது என்ன நியாயம்?

கமக்காரன் யார்?

மலைநாட்டைக் குறைசொல்லிவிட்டு வடக்கு கிழக்கிலுள்ள நாம் நிமிர்ந்து நடக்க வழியில்லை. நம் தோட்டங்களையும் வயல்களையும் சற்றுப் பார்ப்போம்.

வெங்காயத்தை நடுவது யார்? களை எடுப்பது யார்? கிண்டி எடுத்துப் பிடி கட்டுவது யார்? இவற்றிலெல்லாம் பெண்ணின் கையே முன்நிற்கிறது. ஆனால், சந்தைக்குக் கொண்டுபோய் விலை பேசி, பணத்தை எண்ணி வாங்கும் கை வேறு. கூலிக்கு ஆள் வைக்கும்போதும் பல ஊர்களிலே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிலும் தாழ்ந்த ஒரு கூலி. "கொத்துவது பாரமான வேலை, களை பிடுங்குவது இலேசான வேலை" என்று காரணம் சொல்லப்படுகிறது. காலையிலிருந்து மதியம் வரை குனிந்த முதுகு நிமிராமல் களை பிடுங்குவது இலேசான வேலையா என்பதை, ஒரு நாள் அவ்வாறு குனிந்து பார்த்தபின் சொல்லட்டும்.

கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. எந்த வாய்க்காலை முதலில் துப்புரவு செய்வது, எந்த வயலுக்கு எப்பொழுது நீர் விடுவது என்பன போன்ற பயிரின் உயிர்நாடியான விஷயங்கள் அங்கே பேசப்படுகின்றன. அந்தக் கூட்டத்துக்குச் செல்பவன் காணியின் பெயருக்குடைய ஆண். அவனுடைய மனைவியும் அதே வயலில் உழைக்கிறாள். ஆனால் "கமக்காரன்" என்ற சொல்லுக்குள் அவள் அடங்குவதில்லை. பெண்களுக்கென்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; நல்ல பணியும் செய்கிறது. ஆனால், தையலும் சேமிப்பும் மாதர் சங்கத்துக்கு, நீரும் நிலமும் ஆண்களின் சங்கத்துக்கு என்று பங்கு பிரித்தவர் யார்?

யுத்தம் இந்த ஏற்பாட்டின் பொய்ம்மையை வெளிப்படுத்திவிட்டது. 2009 இல் போர் ஓய்ந்தபோது வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெண்ணே தலைவி. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ நான்கு குடும்பங்களுக்கு ஒன்று பெண்ணின் தலைமையிலே நடக்கிறது. காணியைத் துப்புரவாக்கியவள் அவள். விதைநெல் தேடியவள் அவள். கடன்காரனுக்குப் பதில் சொல்பவளும் அவளே. அவளிடம் போய், "உன் வீட்டு ஆம்பிளையைக் கூட்டத்துக்கு வரச்சொல்லு" என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கு மனம் வரும்? வருகிறது என்பதுதான் வெட்கம்.

காணி விஷயத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். தேசவழமையிலே பெண்ணுக்குச் சொத்துண்டு என்று நாம் பெருமைப்படுகிறோம். சீதனக் காணி அவள் பெயரில்தான் எழுதப்படுகிறது. ஆனால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசொத்துரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கணவனுடைய எழுத்துமூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாதென்று எழுதிவைத்தது. அவன் காரணமின்றி மறுத்தால் அவள் நீதிமன்றப் படி ஏறவேண்டும். 1923 இல் பொதுச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண்களுக்குச் சொத்துச் சுதந்திரம் வந்தபோதும், தேசவழமைக்குட்பட்ட தமிழ்ப் பெண்ணுக்கு அது எட்டவில்லை. பெயர் அவளுடையது; கையெழுத்து அவனுடையது. தன் காணியை ஈடுவைத்துக் கிணறு வெட்டவோ தொழில் தொடங்கவோ ஒரு பெண் எண்ணினால், அந்த எண்ணத்தின் திறவுகோல் மற்றொருவர் சட்டைப் பையிலே கிடந்தது. இந்த விதியைத் திருத்த வேண்டுமென்ற குரல் பல்லாண்டுகளாக ஒலித்துவருகிறது. அக்குரலுக்கு வலுவூட்ட வேண்டியவர்கள் தேசவழமையைப் போற்றுகின்ற நாமே.

கந்தோரிலே நடப்பது

படித்தவர்கள் நிலையாவது மேலானதா? பல்கலைக்கழகங்களிலே மாணவரில் அரைப் பங்குக்கு மேற்பட்டோர் பெண்கள். பாடசாலை ஆசிரியர்களிலும் ஏறத்தாழ நால்வருக்கு மூவர் பெண்கள். அந்த அளவிலே அதிபர் ஆசனங்களிலும் கல்விப் பணிப்பாளர் ஆசனங்களிலும் பெண்களைக் காண்கிறோமா? யாழ்ப்பாணத்திலே 1974 இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் முதற் பெண் துணைவேந்தரானது 2011 இல். இடையிலே முப்பத்தேழு ஆண்டுகள். தகுதியுள்ள பெண்கள் அதுவரை பிறக்கவில்லையா?

ஏணியின் அடிப்படிகளிலே பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். மேலே செல்லச் செல்லக் குறைகிறார்கள். இதற்குக் காரணம் அவர்களுடைய ஆற்றலில் இல்லை. கந்தோரின் நடைமுறையிலே இருக்கிறது. ஆண் அதிகாரி உரத்துப் பேசினால் "கண்டிப்பானவர்" என்கிறோம்; பெண் அதிகாரி அதே சொல்லைச் சொன்னால் "தலைக்கனம் பிடித்தவள்" என்கிறோம். ஆண் முடிவெடுக்கத் தாமதித்தால் "நிதானம்". பெண் தாமதித்தால் "துணிவில்லை". கூட்டத்திலே ஒரு பெண் சொன்ன யோசனை காற்றோடு போகும். பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் அதையே சொன்னால், "நல்ல யோசனை, எழுதிக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு பிறக்கும். எழுதிக்கொள்பவளும் பெரும்பாலும் அந்தப் பெண்ணே. முக்கியமான தீர்மானங்களோ கூட்டத்திலே எடுக்கப்படுவதில்லை. கூட்டம் கலைந்தபின், பொழுது சாய்ந்தபின், ஆண்கள் கூடும் இடத்திலே எடுக்கப்படுகின்றன. மறுநாட் காலையிலே அவை பெண் அதிகாரியின் மேசைக்குக் கையெழுத்துக்காக வருகின்றன.

ஒன்று சொல்வோம். ஓர் ஆண் உத்தியோகத்தர் வெளியூர் மாற்றத்தை ஏற்றுப் பதவி உயர்வு பெறுகிறார் என்றால், அவருடைய பிள்ளைகளையும் பெற்றோரையும் ஊரிலே பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள். ஒரு பெண் உத்தியோகத்தருக்கு அதே உயர்வு வரும்போது அவள் வீட்டுப் பொறுப்பை ஏற்பவர் யார்? "குடும்பத்தைக் கவனி" என்று அவளிடம் சொல்லும் சமுதாயம், அவள் உயர்வை மறுத்ததும், "பார்த்தீர்களா, பெண்கள் பொறுப்பேற்க முன்வருவதில்லை" என்றும் சொல்கிறது. வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களிலே பத்துப் பேருக்கு ஏழு பேர் அளவில் தொழிற்களத்திலே இருக்க, பெண்களிலே மூவரில் ஒருவரே இருப்பதன் இரகசியம் இதுதான்.

இவற்றினும் கொடியதொன்று உண்டு. அதிகாரத்திலிருப்பவன் தன் கீழ் வேலை செய்யும் பெண்ணிடம் தகாத முறையில் நடப்பதைத் தண்டனைச் சட்டத்தின் 345 ஆம் பிரிவு 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் குற்றமென்று தெளிவாகவே சொல்கிறது. சட்டம் வந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. ஆயினும் முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது? எவனைப் பற்றி முறையிட வேண்டுமோ அவனுடைய மேசை வழியாகவே அது செல்லவேண்டியிருந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? அதிகாரம் முழுவதும் ஒரு பாலார் கையிலே குவிந்திருக்கும் இடத்திலே சட்டப் புத்தகம் அலுமாரியிலே உறங்கும்.

துக்கம் திறந்த கதவு

அரசியலிலே பெண்களுக்கு நாம் திறந்துவைத்த கதவு எது? பெரும்பாலும் மரணமே அதைத் திறந்தது. 1959 இல் கணவர் கொலையுண்டிராவிட்டால் சிறிமாவோ அரசியலுக்கு வந்திருப்பாரா என்பது ஐயமே. தமிழர் பக்கத்திலும் இதே கதை. 1989 இல் கணவர் யோகேஸ்வரனைப் பறிகொடுத்த சரோஜினி யோகேஸ்வரன், 1998 இல் யாழ்ப்பாண மாநகர சபையின் முதல்வரானார். அதே ஆண்டு மே 17 ஆந் திகதி தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அம்மையாருடைய துணிவை எண்ணித் தலை வணங்குகிறோம். ஆனால், கைம்மைக் கோலத்திலே வந்தால்தான் பெண்ணைத் தலைவியாக ஏற்போம் என்ற மனப்பான்மைக்குத் தலை வணங்க இயலாது. தாலி அறுந்தபின்தான் தலைமை என்றால், அது அநுதாபமேயன்றி அங்கீகாரமாகாது.

2017 இல் நிறைவேறிய சட்டத்தினால் உள்ளூராட்சி மன்றங்களிலே நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குமுன் நூற்றுக்கு இருவர் அளவிலேயே இருந்த பெண் உறுப்பினர் தொகை, 2018 ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் நூற்றுக்கு இருபதைத் தாண்டியது. இது பெரிய மாற்றம். ஆனால் கட்சிகள் என்ன செய்தன? ஆளில்லாத இடத்தை நிரப்புவது போல, தம் உறவுக்காரப் பெண்களின் பெயர்களைப் பட்டியலிலே எழுதின. "கை உயர்த்தச் சொன்னால் உயர்த்து, பேசவேண்டாம்" என்று அறிவுரை கூறின. அப்படியிருந்தும் பல பெண் உறுப்பினர்கள் வீதி விளக்கு, குடிநீர், மயானப் பாதை என்று தம் வட்டாரத்துக்காக வாதாடிக் காட்டினார்கள். 2024 பொதுத் தேர்தலிலே பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் சென்றார்கள். இருநூறு ஆண்டு கடந்த மலையகத் தமிழர் வரலாற்றிலே அச்சமூகத்துப் பெண்கள் அச்சபையில் அமர்வது அதுவே முதன்முறை. அந்தத் தேர்தலின் பின்பும் 225 உறுப்பினரில் பெண்கள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினரே என்பதையும் மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை

"பெண்ணைச் சக்தியென்று வணங்குகிறோமே, போதாதா?" என்பார் சிலர். கோயிலிலே வணங்குவது நம் நம்பிக்கை. கூலியிலே குறைப்பது நம் செய்கை. செய்கையைத் திருத்திவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோம். "அநுபவம் போதாது" என்பார் வேறு சிலர். நீந்த அறிந்தபின்தான் நீரில் இறங்கலாமென்றால் நீந்தக் கற்பது எங்ஙனம்? "இன விடுதலைக்கே வழி காணவில்லை, இப்பொழுது இது எதற்கு?" என்பாரும் உளர். தம் மக்களில் சரிபாதியினரைக் கணக்கில் எடாதவர்கள், பிறர் தம்மைக் கணக்கில் எடுக்கவில்லை என்று முறையிடும்போது அந்த முறையீட்டின் வலு பாதியாகக் குறைந்துவிடும்.

ஆகவே, வேண்டுகோளோடு நில்லாமல் செய்யத்தக்கவற்றைச் சொல்கிறோம்.

தோட்டங்களிலே ஒவ்வொரு நிறுவையின்போதும் கொழுந்து பறிப்போர் தெரிவுசெய்த ஒரு பெண் தராசருகே நின்று தொகையைப் பார்க்கும் உரிமை வேண்டும். கங்காணி, கணக்கப்பிள்ளை உத்தியோகங்கள் பெண்களுக்கு விதியாகவே திறக்கப்படவேண்டும். தொழிற்சங்கங்கள் சந்தா செலுத்தும் பெண்களின் தொகைக்கேற்ப நிர்வாக சபையிலும் பேச்சுவார்த்தைக் குழுவிலும் பெண்களுக்கு இடம் தரவேண்டும்.

கமக்காரர் அமைப்புகள் காணி யார் பெயரில் இருப்பினும், அதிலே பயிரிடும் பெண்ணைத் தனி உறுப்பினராகப் பதியவேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். கூலி கொடுக்கும் கமக்காரர் அடுத்த போகத்திலிருந்தே ஒரே நேர வேலைக்கு ஒரே கூலி என்று தீர்மானிக்கலாம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனம் வந்தால் போதும்.

கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் பதில் கடமை நியமனங்கள் வெளிப்படையாக அறிவிக்கப்படவேண்டும். தீர்மானங்கள் கடமை நேரத்திலே, கூட்டத்திலே எடுக்கப்படவேண்டும். முறைப்பாடுகளை விசாரிக்கும் குழு மேலதிகாரியின் பிடிக்கு வெளியே இருக்கவேண்டும். கட்சிகள் பெண்களைப் பட்டியலின் வாலிலே தொங்கவிடாமல், வெல்லக்கூடிய இடங்களில் நிறுத்தவேண்டும். நிதிக் குழுவிலும் அமர்த்தவேண்டும்.

இவற்றுள் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் காரியம் அன்று. ஒரு தராசின் அருகே ஓரிடம், ஓர் ஏட்டிலே ஒரு பெயர், ஒரு பத்திரத்திலே ஒரு கையெழுத்து: இவ்வளவே கேட்கிறோம். இவற்றைக் கொடுத்தால், அடுத்த தலைமுறைத் தமிழ்ப் பெண் தலைமைக்கு வருவதற்கு எவருடைய மரணத்தையும் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

கமக்காரரே, இம்மாதம் உங்கள் சங்கம் கூடும்போது வெற்றிடமாக உள்ள கதிரையைப் பாருங்கள். உத்தியோகத்தரே, உங்கள் கந்தோரிலே பத்தாண்டாகப் பதில் கடமை பார்த்துப் பதவி கிடைக்காத பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவர்களை அழைக்கும் அதிகாரம் இன்று உங்களிடம் இருக்கிறது. அதனைப் பயன்படுத்துங்கள்.